பள்ளிக்குப் போகட்டுமா என்று மகள் கேட்டபோது

2023 ஜனவரியில் ஒரு சாயங்காலம், கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மகள் கேட்டாள்: “அம்மா, நானும் ஸ்கூலுக்குப் போகட்டுமா?” மணி நாலே கால் இருக்கும். எதிர்வீட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட வேன் வருகிற நேரம். தினமும் அந்த நேரத்துக்கு அவள் அங்கே போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சும்மா காற்று வாங்க நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். கேள்வி காதில் விழுந்ததும் என் வாயில் வந்தது, “ஏஞ் சாமி, வீட்டுல உனக்கு என்ன குறை வெச்சேன்?” அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அப்புறம் நாலு மாதம் பள்ளிக்கூடம் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. எங்களுக்கு அதன்பின் வந்த எல்லாக் கஷ்டத்துக்கும் என்னுடைய அந்த ஒரு வாக்கியம்தான் தொடக்கம் என்று இன்றைக்கு நினைக்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளை இதே கேள்வியைக் கேட்டு என்னைப்போல் திகைத்து நிற்கும் பெற்றோர் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளை 2018 ஏப்ரலில், இரண்டாம் வகுப்பு முடித்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஏழு வயதுக் குழந்தை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தூங்கிப்போவதைப் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் வந்த ஐந்து வருடங்கள் நல்ல வருடங்கள். தொண்டாமுத்தூர் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் விதை போட்டதிலிருந்து அறுவடை வரை கூடவே இருந்தாள். வாரம் ஒருமுறை நூலகம் போய் அவளாகவே புத்தகம் எடுத்துப் படித்தாள். கணக்கை அவள் அப்பா சொல்லிக்கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன், சொந்தக்காரர்கள் பேச்சையெல்லாம் தாங்கினேன். அப்படி இருக்கும்போது மகள் பள்ளிக்குப் போகிறேன் என்றதும், ‘நீ செய்தது தப்பு’ என்று என்னைப் பார்த்து அவள் சொல்வதாகவே எனக்குக் கேட்டது. உண்மையில் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு விஷயம் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பிள்ளை கேட்ட அன்றைக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. “சரி கண்ணு, அங்க போனா உனக்கு என்ன கிடைக்கும்னு நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் அப்படிக் கேட்கவில்லை.

மே மாதம் என் கணவர்தான் திரும்பப் பேச்சை எடுத்தார். அப்போது அவள் மறுபடி ஆமாம் என்றாள். எனக்குக் குற்ற உணர்ச்சி. நாலு மாதம் பிள்ளையை வாயடைத்து வைத்துவிட்டோமே என்ற அவசரத்தில், வேன் வந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கு அடுத்த வாரமே போய் நின்றோம். முதலில் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆங்கிலம், தமிழ், கணக்கு மூன்றும் எழுத வேண்டும். அவள் அதுவரை ஒரு பக்கத்துக்கு மேல் தொடர்ந்து எழுதியதே இல்லை. தடித்த நாவலைக்கூட இரண்டு நாளில் படித்துவிடுவாள். எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் இடம் மாறிவிடும். மதிப்பெண் குறைவு என்று சொல்லி, எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளையை ஆறாம் வகுப்பில்தான் சேர்ப்போம் என்றார்கள். “ரெண்டு வருஷம் பின்னாடி ஆரம்பிச்சா அஸ்திவாரம் நல்லா விழும்” என்றார் அங்கிருந்தவர். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அப்போது எனக்குத் தெரியாமல் போனதைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பள்ளியும் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று அதன் 13ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வரத் தனிப்பயிற்சியும் தர வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். சண்டை போட வேண்டும் என்றில்லை. நமக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்தாலே பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

கட்டணம் 38,500 ரூபாய். அதில் 15,000 ரூபாய்க்கு ‘வளர்ச்சி நிதி’ என்று வெறும் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். சீருடை, ஷூ, பை எல்லாம் சேர்ந்து 6,200. புத்தகம் 4,800. வேனுக்கு 3,000. ஆகமொத்தம் 52,500 ரூபாய். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசின் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வரையறுத்திருக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டு, முறையான ரசீது தராத எந்தப் பணத்தையும் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.

ஆனாலும் முதல் நாள் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லா நோட்டுக்கும் பழுப்பு அட்டை போட்டாள். லேபிளில் பெயர் எழுதும்போது கை நடுங்குகிறது என்று சிரித்தாள். இரண்டாவது வாரத்திலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது. வகுப்பிலேயே உயரமான பிள்ளை என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவளைவிட இரண்டு வயது சின்னவர்கள். அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், விளையாட்டில் சேர்க்கவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் மேல் மாடியில் இருந்தார்கள். நான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று கனவிலும் நினைக்காத ஒன்றும் இருந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று யாரிடமும் அனுமதி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. முதல் தடவை கேட்டபோது இடைவேளையில் போகவில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருவதைப் பார்த்தும், புதுசு, மறந்துவிடுகிறாள் போல என்று நான் விட்டுவிட்டேன். நாலாவது வாரம் வயிற்று வலி, சிறுநீர்ப் போகையில் எரிச்சல் என்று டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“ஏன் சாமி சொல்லல?” என்று கேட்டேன். “நான்தானேம்மா போறேன்னு கேட்டேன். பணம் வேற கட்டிட்டீங்க. அப்பத்தா வேற எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் மாமியார் அவளைப் பள்ளியில் சேர்த்த சந்தோஷத்தில், அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்று ஊரெல்லாம் போன் போட்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை, பேத்திமேல் உள்ள ஆசை அது. ஆனால் அந்தப் பேச்சு முழுக்கப் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதுதான் நான் கற்றதில் முக்கியமானது. ஒரு முடிவைப் பிள்ளையிடம் கொடுக்கிறோம் என்றால், அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே, வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கிய காரணத்துக்காகவே பிள்ளை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். அது தவிர, முடிவு நிலைக்கும் வரை சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். எப்படியாவது ஒரு இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஐந்தாவது வாரக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டோம். டி.சி. கேட்டால், இரண்டாம் பருவக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நாங்கள் கட்டவில்லை. டி.சி. இல்லாமலேயே ஆகஸ்டும் செப்டம்பரும் போனது. அவள் பழையபடி புத்தகம் எடுத்துப் படிக்கவில்லை, தோட்டத்துக்கு வரவில்லை. நாலே கால் மணிக்கு கேட்டுப் பக்கமும் போகவில்லை. அதைப் பார்ப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள், புத்தகங்களை எடுத்து அடுக்கும்போது, ஜனவரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பள்ளியில் உனக்கு என்ன வேண்டும்? நிறைய நேரம் யோசித்து மூன்று சொன்னாள். தினமும் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு ஃபிரெண்ட். கோ-கோ ஆட ஒரு டீம். மூன்றாவதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “என் வயசுப் பிள்ளைங்க படிக்கிறதை என்னால படிக்க முடியுமான்னு தெரியணும்.” வீட்டில் நாங்கள் அவளை ஒருபோதும் யாரோடும் ஒப்பிட்டதில்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தோம். அந்தப் பிள்ளையோ தன் இடம் எது என்று தெரியாமல் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். மூன்றையும் தனித்தனியாகப் பேசினோம். கோ-கோவுக்கு ஒன்பது பேர் களத்தில் வேண்டும், அதை வீட்டில் செய்து தர முடியாது. படிக்க முடியுமா என்ற பயத்துக்குப் பள்ளியில் சேராமலும் வழி இருந்தது. எட்டாம் வகுப்புப் பாடநூலை வாங்கி, முதல் மூன்று பாடத்தை அவளே படித்து, பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு நேரம் வைத்து எழுதிப் பார்த்தாள். முதல் நாள் இருபது நிமிடத்தில் விரல் வலிக்கிறது என்றாள். டிசம்பருக்குள் ஒன்றரை மணி நேரம் எழுதினாள். பள்ளிக்குப் போகப்போகிறதோ இல்லையோ, வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயதிலிருந்தே இந்த எழுத்துப் பழக்கம் இருக்கட்டும். அறிவு இருந்தும் கை ஓடாததால்தான் என் மகள் இரண்டு வகுப்பு கீழே இறக்கப்பட்டாள்.

அதே நேரம், பள்ளி வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் என்ன வழி என்பதையும் எல்லாம் விசாரித்து அவள் முன்னால் வைத்தேன். வேறு கதவு அடைத்துவிடும் என்ற பயத்தில் ஒரு பிள்ளை பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அது தேர்வே இல்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது முடிந்திருந்தால் போதும், பத்தாம் வகுப்புக்கு 14½. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதை நடத்துகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழ் வழியிலும் எழுதலாம், ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். இதையெல்லாம் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. இன்னொரு பக்கம், பள்ளி என்றால் எட்டாம் வகுப்புக்குள் சேர்ந்துவிடுவது நல்லது என்பதும் புரிந்தது. வயதுக்கேற்ற வகுப்பு என்ற சட்டப் பாதுகாப்பு அதுவரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் நேராகச் சேர வேண்டுமானால் எட்டு முடித்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதிலேயே வாரியத்தில் பெயர் பதிந்துவிடுவதால் அங்கே இன்னும் கறார். ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் தான் பக்கத்தில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், முதலில் அங்கே போகாததற்கு எனக்குள் இருந்த தயக்கம்தான் காரணம், அதற்காக வருத்தப்படுகிறேன். தலைமை ஆசிரியை நான் பேசுவதைக் கேட்டதைவிட என் மகள் பேசுவதைத்தான் அதிகம் கேட்டார். “மொதல்ல மூணு நாள் எட்டாவதுல வந்து உட்காரு தங்கம். புடிச்சா அப்பா அம்மா கையெழுத்துப் போடட்டும்” என்றார். டி.சி. வரவில்லையே என்றேன். அரசுப் பள்ளியில் சேர டி.சி. தாமதமாவது ஒரு தடை இல்லை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் போதும் என்றார். வருடத்தின் நடுவில் சேரலாமா என்றதற்கும் அதே பதில். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு ஆறேழு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை நாங்கள் எதையெல்லாம் பார்த்தோம் என்றால், முதலில் கழிப்பறை. நானே உள்ளே போய்ப் பார்த்தேன், தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் இருந்தது. வகுப்பு ஆசிரியையிடம், அவளுக்கு அனுமதி கேட்கத் தயக்கம் உண்டு, கை தூக்கினாலே அனுப்பிவிடுங்கள் என்று சொன்னேன், சரி என்றார். சாயங்காலம் கோ-கோ பயிற்சி நடப்பதை மதில் ஓரம் நின்று மூவருமாகப் பார்த்தோம். அந்த மூன்று நாளும் அவள் வீட்டுக்கு வந்து சொன்னதில் நல்லது, பிடிக்காதது என்று இரண்டையும் ஒரு நோட்டில் அவளே எழுதினாள். பிடிக்காதது பக்கம்தான் நீளம். ‘பெல் சத்தம்’, ‘கதை பாதியில நிக்குது’, ‘எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க’. நல்லது பக்கத்தில் இரண்டே வரி. அதில் ஒன்று ஒரு பிள்ளையின் பெயர். நோட்டைப் பார்த்துவிட்டு நான், சரி, வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். பொங்கல் கழித்துப் போகிறேன் என்றாள்.

சேர்க்கையில் ஒரு சிக்கல் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஓர் எண், உண்டு. பிள்ளை விலகினால் பழைய பள்ளி அந்தப் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும், அப்போதுதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தனியார் பள்ளி விடுவிக்கவும் இல்லை, அங்கே அவள் ஆறாம் வகுப்பு என்றே பதிவாகியிருந்தது. ஐந்து வாரம் போனதற்கு இப்படி ஒரு தடயம் விழும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. தலைமை ஆசிரியை மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, பிறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அதுவரை அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆகவே பள்ளியை விட்டு நிறுத்தும்போது டி.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் முன்னாலேயே பாருங்கள்.

சேர்ந்த அன்றைக்கு நான் அவளிடம் ஒன்று சொன்னேன். ஏப்ரல் 30 அன்று மறுபடி கேட்பேன்; போகிறாயா, வீட்டிலேயே இருக்கிறாயா என்று. எந்தப் பதில் சொன்னாலும் அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது. அதற்கு நடுவில் முடியாமல் போனால் அன்றைக்கே சொல். அவள் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, ஏப்ரல் 30 தாளில் பேனாவால் ‘கேக்கணும்’ என்று எழுதினாள். பிப்ரவரியில் இரண்டு நாள் அழுதாள். கணக்கில் முதல் தேர்வில் 31 மதிப்பெண் வாங்கினாள், அதைக் கொண்டுவந்து காட்டியபோது பயம் இல்லாமல் காட்டினாள். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று தெரிந்துவிட்டதே அவளுக்குப் பாதி நிம்மதி. மார்ச்சில் முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள், கோ-கோ. தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது. தினமும் அவள் பையிலிருந்து நான் முதலில் எடுத்துப் பார்த்தது அந்தப் பாட்டிலைத்தான்.

ஏப்ரல் 30 காலையில் நான் எழுவதற்கு முன்னாலேயே தாளைக் கிழித்து வைத்திருந்தாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தது: ‘போறேன். ஆனா சனிக்கிழமை லைப்ரரியும் தோட்டமும் வேணும். டியூஷன் வேண்டாம்.’ நானும் அவள் அப்பாவும் கீழே கையெழுத்துப் போட்டோம். அப்போது எட்டு வயதான அவள் தம்பி பள்ளிக்கே போனதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றான். மே 1 தாளைக் கிழித்துக் கொடுத்தோம். ‘நான் போகல, அடுத்த வருசம் கேளுங்க’ என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு தாளும் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே டப்பாவில் இருக்கின்றன.